ஒரு சுற்று பாக்கி

முதலில் துரோகம் செய்தது அந்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியார்தான். லாரிக்காரருக்கு அதில் கடுகளவும் சந்தேகமில்லை.

வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பது, ஞாயிறானால் விமானப் பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. இதுதான் அந்த ஆளின் பிழைப்பு. "பகுதி நேர வாத்தியார்கிட்ட விட்டா முழுப் படிப்பா வரும்?" என்று லாரிக்காரர், மகள் அங்கே சேர்ந்த அன்றைக்கே வீட்டில் கேட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இருந்தாலும் ஒரு ஞாயிறு தவறாமல் மகளோடு போனார். ஓடுபாதை தொடங்குகிற இடத்தில், கம்பிவேலியை ஒட்டி நின்றுகொள்வார். விமானம் இறங்க வரும்போது இரண்டு கைகளையும் தூக்கி, லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்வதுபோல, "வா... வா... லெஃப்ட்ல ஒடி... மெதுவா... மெதுவா..." என்று சைகை காட்டுவார். ஆயுசெல்லாம் லாரி ஓட்டிய கை. சும்மா இருக்குமா?

அவர் கை காட்டக் காட்ட விமானம் தத்தித் தத்தி இறங்கும். வீடு வருகிற வரை மகளுக்குப் பாட்டு விழும்.

"அவ்வளவு தூரம் காட்டறேனே, கையைப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்ப்பா."

"பார்த்துமா இப்படிப் போட்டு இடிச்சே? அந்த ஆளு சொல்லிக்கொடுக்கிற லட்சணம்!"

அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. பக்கத்தில் வாத்தியார் இல்லாமல் மகள் முதன்முதலாகத் தனியாக மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவதைக் கண்ணாரப் பார்த்துவிட வேண்டும். என்றைக்கு என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லி வாத்தியாரைப் பலமுறை நச்சரித்தாயிற்று.

"அதெல்லாம் முன்னாடி சொல்ற வழக்கமில்லைங்க. பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் போயிடும். எனக்குத் திருப்தியா இருக்கிற அன்னைக்கு நான் பாதிப் பாடத்துல தரையில இறங்கிக்குவேன், அவ தனியாப் போயிட்டு வருவா. அவ்வளவுதான்."

"அவகிட்ட சொல்ல வேண்டாம். என் காதுல மட்டும் போடுங்க."

வாத்தியார் தலையாட்டினார். ஆட்டினாரா இல்லையா?

ஒரு புதன்கிழமை சாயங்காலம், காலேஜுக்குப் போன மகள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, இன்னைக்குத் தனியாப் பறந்துட்டேன்."

சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று லாரிக்காரருக்குத் தெரியவில்லை. அதற்குள் சேதி கேட்டு மச்சினன் போன் செய்தான்.

"நேர்ல பார்த்தீங்களா மாமா?"

"பார்க்காம இருப்பேனா? பூ மாதிரி இறக்கினா!"

போனை வைத்ததும் பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் நின்றார்.

மறுநாள் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனார்.

"கண்ணு காட்டணுமா சார்?" என்றார் கடை முதலாளி.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. பார்க்கத்தான் கொடுத்து வைக்கலை. எங்கே உங்க ஆளு?"

வாத்தியார் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளேயிருந்து வந்தார்.

"ஞாயித்துக்கிழமை வாத்தியாருக்குப் புதன்கிழமை அங்கே என்னங்க வேலை?"

"புதன்கிழமையா?" முதலாளி குறுக்கே புகுந்தார். "நேத்து தலைவலின்னு லீவு கேட்டியேப்பா, அதுக்குத்தானா?"

வாத்தியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "காத்து நல்லா இருந்தது... அதான்..."

"ஏன், ஞாயித்துக்கிழமை காத்தடிக்காதா? லீவு போட்டு, பொய் சொல்லி, என் கண்ணுல படாம காரியத்தை முடிச்சிருக்கீங்க. நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், காதோரம் விலைச்சீட்டு ஆட, திரும்பிப் பார்த்தாள்.

"தப்பு என்னோடதுதான் சார்."

"அதை இங்கே சொன்னா? வீட்டுக்கு வந்து என் பொண்ணு முன்னாடி சொல்லுங்க. எனக்கு நீங்க ஒரு சுத்து பாக்கி, தெரியுமா?"

அன்று சாயங்காலமே வாத்தியார் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்திருந்தார். மகள் சமையலறையிலிருந்து வெளியே வந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"அப்பாவைக் கூப்பிடாம விட்டது என் தப்பும்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"சார், நீங்க எதுக்கு..."

"நீ சும்மா இரும்மா. நாங்க பேசிக்கிறோம்" என்று மகளை அடக்கினார் லாரிக்காரர்.

அவருக்கு மனம் இளகிவிட்டது. இவ்வளவு பணிந்து வந்து நிற்கிற மனுஷனை இன்னும் என்ன செய்வது? "சரி, விடுங்க. தப்பு யாருதான் பண்ணலை?" என்று பெரிய மனது பண்ணி, வாசல்வரை போய் வழியனுப்பினார்.

திரும்பி வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் தானாகத் தாழ்ந்தது.

"போனது போகட்டும் கண்ணு. உன் மாமன்கிட்ட பார்த்தேன்னு புளுகிட்டேன், அது வேற தொண்டையில நிக்குது. இனிமே அந்த ஆளை நம்ப வேண்டாம், நீயே சொல்லிடு. அடுத்து எப்போ தனியாப் போறே? ஒரே ஒரு சுத்து பார்த்துட்டா போதும் எனக்கு."

மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேஜையில் இல்லாத தூசியை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இறங்கினதுக்கப்புறம் சொல்றேன்ப்பா" என்றாள். "முதல் தடவையும் நீங்க இல்லாத நாளாப் பாருங்கன்னு சார்கிட்ட கெஞ்சினது நான்தான்."