நீலச் சட்டை

"பூட்டை அறுத்துடலாமா அக்கா?" என்று கேட்டார் சாவிக்காரர். மூடிப்போன சுரங்கத்தின் எல்லாப் பூட்டுக்கும் சாவி வைத்திருந்த மனிதர். இந்தக் கூடத்துப் பூட்டுகளுக்குத்தான் அவரிடம் சாவி இல்லை.

"அறுங்க. சாவியை அவர் கொண்டுபோயி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றாள் அம்மா. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

மகள் பையிலிருந்து அட்டைப் பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தாள். உள்ளே வெள்ளைத் துணி விரித்திருந்தது. அப்பாவின் நீலச் சட்டையை அதில் வைத்து, நாளைக் காலையில் அவர் கல்லறையில் புதைப்பதாக ஏற்பாடு. அங்கே பெயர் வெட்டிய கல் இருக்கிறது, அடியில் மண்ணைத் தவிர ஒன்றும் கிடையாது.

"பக்கத்துலயே எனக்கும் இடம் சொல்லி வச்சிருக்கேன். வெறும் கல்லுக்குப் பக்கத்துல போயா படுக்கறது? அவர் சட்டையாவது இருக்கட்டும்" என்று போன வாரம் அம்மா கேட்டாள். வாயைத் திறந்து அவள் எதையும் கேட்டு மகள் பார்த்ததில்லை. அதனால்தான் மறுபேச்சு பேசாமல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

அது தொழிலாளர்கள் உடுப்பு மாற்றும் கூடம். கூரை முழுக்க சங்கிலிகள், ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு கொக்கி, ஒரு பூட்டு. சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் வீட்டுத் துணியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டி, கூரை உயரத்துக்கு இழுத்துப் பூட்டிவிட்டுப் போவான். ஏறி வந்ததும் குளித்து, வீட்டுத் துணியைப் போட்டுக்கொண்டு, கரி படிந்த வேலை உடுப்பை அதே கொக்கியில் ஏற்றிவிட்டு வீட்டைப் பார்த்து நடப்பான்.

இந்த வாரம் கூடத்தை இடிக்கப் போகிறார்கள். தொங்குவதை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாக ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்கள். பிழைத்தவர்கள் தங்களுடையதை அப்போதே எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் தொங்குவதெல்லாம் திரும்பி வராதவர்களுடையது.

அன்றைக்கு வெடிச் சத்தம் கேட்டது ஷிப்ட் மாறுகிற நேரம். யார் இறங்கினார்கள், யார் ஏறினார்கள் என்று சொல்லக்கூடியவர்களும் உள்ளேயே போய்விட்டார்கள். தீ அணையவில்லை என்று சுரங்கத்தின் வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். வீட்டுக்கு வராதவர்கள் எல்லாரும் கீழே இருப்பதாக முடிவாயிற்று. வேறென்ன செய்வார்கள்?

அதற்குப் பிறகு இரண்டு பேர் அம்மாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். "என் புருஷன் கீழே இருக்காரு" என்று சொல்லி அம்மா அனுப்பிவிட்டாள். செத்துப்போனார் என்றுகூடச் சொல்லமாட்டாள்.

கூட வந்திருந்த எதிர் வீட்டு அத்தையின் புருஷனுடைய சங்கிலிதான் முதலில் இறங்கியது. தூசியை உதறியதும் கோடு போட்ட சட்டை, பெல்ட், தோல் செருப்பு, பாக்கெட்டில் ஒரு சீப்பு. "அடப் பாவி மனுஷா, இந்தச் சீப்பைத்தானே வீடு பூரா தேடித் தொலைச்சேன்!" என்று அத்தை சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

அம்மா அவள் தோளில் கையை வைத்தாள், எடுத்தாள். அம்மாவின் கண்ணீரெல்லாம் முதல் வருஷத்தோடு சரி.

மகளுக்கு அப்பாவின் முகமே நினைவில்லை. சட்டையையாவது பார்க்கலாம் என்று ஒரு சின்ன ஆசை இருந்தது.

"சட்டையை எப்படிம்மா அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

"மூணாவது பொத்தானுக்குக் கறுப்பு நூல் போட்டிருக்கும். பொத்தான் தளர்ந்து கிடந்துச்சு, கைக்குக் கிடைச்ச நூல்ல தைச்சேன். 'நல்ல சட்டையைப் போயி சுரங்கத்துக்குப் போட்டுக்கிட்டுப் போறீங்களே'ன்னு கேட்டேன். சிரிச்சாரு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"உன் தலையைத் தடவிட்டுப் போனாரு. அவ்வளவுதான்."

சாவிக்காரர் ரம்பத்தைப் போட்டு அறுத்தார். துருப்பிடித்த சங்கிலி கொஞ்ச நேரம் முரண்டு பண்ணியது, பிறகு கடகடவென்று இறங்கியது. மூட்டை தரையில் பட்டு 'ணங்'கென்றது. சட்டைக்கு ஏது இந்தச் சத்தம் என்று மகள் நினைத்தாள்.

அவளே உட்கார்ந்து தூசியைத் தட்டினாள். தூசி போயிற்று, கறுப்பு போகவில்லை. கரி ஊறி விறைத்துப்போன கால்சட்டை, அதே மாதிரி ஒரு மேலுடுப்பு, கனத்த பூட்ஸ். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஹெல்மெட், உள்ளே அப்பாவின் எண். எண்ணில் தப்பில்லை. மறுபடி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நீலத்தில் ஒரு நூல்கூட இல்லை.

சாவிக்காரர் ரம்பத்தைக் கீழே வைத்தார். அத்தையின் மடியில் கிடந்த கோடு போட்ட சட்டையைப் பார்த்தார், இந்தக் கரி மூட்டையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "தண்ணி குடிக்கிறீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். மூட்டையை அவள் தொடவில்லை. அட்டைப் பெட்டியில் விரித்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து நாலாக மடித்து, உள்ளேயே வைத்து மூடினாள்.

"அம்மா, நீலச் சட்டை எங்கேம்மா?"

"போட்டுக்கிட்டுப் போயிட்டாருடி."