பொனற்றில் மூன்று தட்டு

சுவிற்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில் ஒரு பேக்கரி வாசல். காலை ஐந்து மணி, பல்லுக் கிட்டும் குளிர். மரியநேசன் இரவு முழுக்க பேக்கரி வான் வண்டியின் எஞ்சினைச் சூடாக வைத்திருந்த ஹீற்றரின் வயரைச் சுவரிலிருந்து கழற்றினார். பிறகு எஞ்சினை மூடியிருந்த பொனற்றில் மூன்று முறை தட்டிவிட்டுக் காத்து நின்றார்.

தினமும் இதே கூத்து. கூட வேலை செய்யும் டயனாவுக்குப் பொறுமை போனது.

"என்னத்துக்கு அண்ணை தட்டுறியள்?"

"சூட்டுக்குப் பூனை வந்து படுத்திருக்கும், பிள்ளை."

"மூண்டு வருசமாத் தட்டுறியள். ஒரு பூனையும் வரேல்லையே!"

அன்றைக்கு வந்தது. சாம்பல் பூனை ஒன்று சக்கரத்தின் இடுக்கால் குதித்து ஓடியது.

டயனா சிரித்துவிட்டாள். "சரி, நீங்கள் வெண்டிட்டியள். ஸ்ராட் பண்ணுங்கோ."

மரியநேசன் குனிந்து மறுபடியும் தட்டினார்.

"பூனைதான் போயிட்டுதே! இன்னும் ஆருக்கு நிக்கிறியள்?"

அவர் பொனற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இந்த நாட்டுக்கு நானும் தம்பியும் ஒரு லொறியின்ரை எஞ்சினுக்குப் பக்கத்திலை ஒளிச்சு வந்தனாங்கள். எல்லை தாண்டி லொறி நிண்டவுடனை நான் இறங்கிட்டன். தம்பி, 'சூடாக் கிடக்கு அண்ணை, இன்னும் கொஞ்சம் படுக்கிறன்' எண்டான். ட்ரைவர் தட்டிப் பாக்காமல் ஸ்ராட் பண்ணிட்டான்."