சின்ன எழுத்தில் ஒரு மீன்

"அந்த மீன்," என்றான் பரணி. "அதை என்னால மறக்கவே முடியல."

அவள் டீயைக் கேன்டீன் மேசையில் வைத்தாள்.

அவள் எழுதிய முதல் கதை. அவனுக்கு மட்டும்தான் கொடுத்திருந்தாள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கதை இருந்த பக்கத்தின் சுருக்க இணைய முகவரியை எழுதி, கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள்.

அவள் கதையில் மீன் இல்லை.

நல்ல வாசகன் எழுதாததையும் படிப்பான் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"'மீனுக்கு ஒரு சிட்டிகை போதும். மறுபடி கேட்கும். நம்பாதே.' எப்படி எழுதின நீ? அப்புறம் அந்த மோட்டார். 'தொட்டி நிரம்பினால் சத்தம் வரும். பயப்படாதே. நான் இருக்கும்போதும் வரும்.' அந்த இடத்துல போனைக் கவுத்து வெச்சுட்டேன்."

"எங்க, காட்டு."

காட்டினான்.

யாரோ ஊருக்குப் போகும் முன் வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு எழுதி வைத்த குறிப்பு. கடைசி வரியில் காஸ் ஏஜென்சியின் போன் நம்பர்.

"வெறும் நம்பர்ல கொண்டுபோய் முடிச்ச பாரு," என்றான். கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவள் மேலே முகவரியைப் பார்த்தாள். எல்லாம் சின்ன எழுத்து.

"கேப்பிட்டல் லெட்டரெல்லாம் எங்கடா?"

"அட்ரஸ்ல பெருசு, சின்னது எல்லாம் ஒண்ணுதானே?"

"ஸ்லாஷ் வரைக்கும்தான் ஒண்ணு. அதுக்கப்புறம் ஒரு எழுத்து மாறினாலும் வேற வீடுடா, எருமை."

வேறு யார் வீட்டிலோ போய்க் கண்கலங்கிவிட்டு வந்திருக்கிறான்.

அவன் காது சிவந்தது. பர்ஸிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்தான். நான்காக மடித்துப் பத்திரமாக வைத்திருந்தான்.

"ஒரே நிமிஷம். இப்பவே படிச்சிடறேன். உன்னோடது இதைவிட நல்லாத்தான் இருக்கும்."

பெரிசு, சின்னது, சின்னது, பெரிசு என்று முணுமுணுத்தபடி ஒவ்வோர் எழுத்தாக அடிக்க ஆரம்பித்தான்.

அவள் தன் கதையின் முதல் வரியை நினைத்துப் பார்த்தாள்.

நிலா வெள்ளித் தட்டைப் போல் இருந்தது.

இரண்டாவது வரியிலும் நிலாதான்.

மேசைக்கு அடியில் தன் போனைத் திறந்தாள். கதைப் பக்கத்தில் 'யாரும் பார்க்கலாம்' என்றிருந்ததை 'நான் மட்டும்' என்று மாற்றினாள்.

அவன் கடைசி எழுத்தை அடித்துவிட்டுக் காத்திருந்தான். பக்கம் வரவில்லை.

"மறுபடி ஏதோ லெட்டர் தப்பா அடிச்சிட்டேனா?"

"இருக்கும்," என்றாள்.