முதல் தாள்

"நிரஞ்சனாவ இன்னிக்கு முடிச்சிடணும், ஜெய். மூணு மாசமா இழுத்துக்கிட்டே இருக்கு."

உள்ளே ஈரம் கூடாது என்பதால் பாலில்லாத தேநீரான தே ஓ கட்டிய பையைக் கதவுப் பிடியிலேயே தொங்கவிட்டுவிட்டு வந்திருந்தான் அஹ்சன். ஜெய் அலமாரியிலிருந்து அவளை இரண்டு கைகளாலும் ஏந்தி எடுத்து வந்து மேசையில் வைத்தான்.

நிரஞ்சனா ஒரு மரத்தின் பெயர். மேசையில் இருந்தது அதன் காய்ந்த கிளை, ஒரு தடித்த தாளில் ஒட்டியது.

ஜெய்யும் அவன் மனைவியும் சதுப்புக் காட்டுக்குள் முழங்கால் சேற்றில் நின்று பறித்த கிளை அது. ஐந்து வாரம் கழித்து அவள் இறந்தாள். சிங்கப்பூரின் சாங்கிக் கடலில் அவள் சாம்பலைக் கரைத்த மறுநாளே ஜெய் இந்தத் தாவரக் காப்பகத்துக்கு வேலைக்குத் திரும்பினான். அன்றைக்கே கிளையைத் தாளில் ஒட்டினான். புது இனம் என்று எழுதி, அவள் பெயரை வைத்தான்.

அஹ்சன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவனைப் பொறுத்தவரை அது நூறு வருடமாக எல்லோருக்கும் தெரிந்த பழைய மரம்தான். நிழலில் வளர்ந்ததால் இலை கொஞ்சம் அகன்றுவிட்டது, அவ்வளவே. இரண்டும் ஒன்று என்று முடிவானால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். நிரஞ்சனா அதற்குக் கீழே, செல்லாத பெயர்களோடு பொடி எழுத்தில் கிடப்பாள்.

ஜெய் வழக்கம்போல இலையின் அடிப்பக்கத்து மெல்லிய முடியைக் காட்டினான். பழைய மரத்துக்கு அது கிடையாது.

"எங்க அண்ணனுக்கும்தான் தலையில முடி கிடையாது," என்றான் அஹ்சன். "அதுக்காக அவர வேற இனம்னு எழுதிட முடியுமா?"

மற்ற நாளாக இருந்தால் ஜெய் சிரித்திருப்பான். தினமும் காலையில் அவன் இந்த அலமாரியைத் திறந்து கொஞ்ச நேரம் சும்மா நிற்பதை அஹ்சன் பார்த்திருக்கிறான். ஆராய்ச்சி என்று நினைத்துக்கொள்வான்.

பேசித் தீராத விஷயம், டிஎன்ஏ பார்த்துவிடலாம் என்றான் அஹ்சன். புதுப் பெயருக்கு ஆதாரமாக வைக்கும் முதல் தாளில் ஒட்டிய இலையை வெட்டக்கூடாது என்பது விதி. ஆனால் ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சிறு காகித உறை உண்டு. உதிர்ந்த துணுக்குகளை அதில் போட்டு வைப்பார்கள். அதிலிருந்து ஒரு சிட்டிகை போதும்.

குனிந்து பார்த்தவன் முகம் சுளித்தான். "உறைய மடிச்சுத்தானே வைப்போம். நீ என்ன நாலு பக்கமும் கோந்து போட்டு ஒட்டியிருக்க?"

"கொட்டிடும்," என்றான் ஜெய்.

அஹ்சன் கத்தியைத் தேடிப் போனான். அவன் திரும்பி வந்தபோது ஜெய் கேட்டான், "பேரு போயிடுச்சுன்னா தாளையும் தூக்கிப் போட்டுடுவாங்களா?"

"இது தெரியாதா உனக்கு? பேரு செத்தாலும் முதல் தாள் சாகாது லா. இருநூறு வருஷம் ஆனாலும் இதே அலமாரியிலதான் இருக்கும்."

ஜெய்க்கு அது தெரியும். இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. அஹ்சன் எழுதி மேசையில் வைத்திருந்த கட்டுரையை இழுத்து, இரண்டும் ஒரே மரம் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டான்.

"டெஸ்ட் வேணாம். நீ சொல்றதுதான் சரி."

அஹ்சன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று மாதமாக ஒரு முடியைக்கூட விட்டுக்கொடுக்காதவன் ஒரு நிமிடத்தில் பெண்டாட்டி பெயரையே கொடுத்துவிட்டான். ஜெயித்த சந்தோஷம் அவனுக்கு வரவில்லை.

"இப்படி வேணாம்டா. எனக்காக நீ அவ பேர விட்டுக்கொடுத்ததா இருக்கக்கூடாது. டெஸ்ட்ல உன் பக்கம் வந்துச்சுன்னா, நானே என் கட்டுரையக் கிழிச்சுப் போடுறேன்."

உறையைப் பிரிக்க வாகாகத் தாளை லேசாகச் சாய்த்தான். உறைக்குள் ஏதோ மணல் மாதிரி மெல்லச் சரிந்தது.

கத்திமுனை உறையைத் தொடுவதற்குள் ஜெய்யின் உள்ளங்கை அதை மூடிக்கொண்டது.

"அதுல இலை இல்ல, அஹ்சன். நிரஞ்சனாதான் இருக்கா."