குட்டிக்கு ஒரு கடிதம்

“கையெழுத்து போட்டாத்தான் மயக்க மருந்து கொடுக்க முடியும்மா,” என்றார் கால்நடை மருத்துவர்.

அவள் போட்டாள். படித்துப் பார்க்கவில்லை. படித்தால் கை ஓடாது என்று தெரியும்.

வயதான நாய். இதயத்தில் இரைச்சல் வேறு. மயக்கத்திலிருந்து எழாமலே போகலாம் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். வெறும் பல் சுத்தத்துக்கு இந்த விஷப்பரீட்சை எதற்கு என்றும் கேட்டுப் பார்த்தார்.

வெறும் பல் சுத்தமா?

மூன்று நாளாக அவள் கணவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். கண் திறந்தால் குட்டி, மூடினால் குட்டி. வேறு பேச்சில்லை. இனி இரண்டு நாள் தாங்கினாலே பெரிது என்று கைவிரித்துவிட்டார்கள்.

தலைமை நர்ஸ்தான் மனமிரங்கி ஒரு வழி சொன்னாள். நாயைக் கூட்டிவரலாம், ஆனால் இப்படிச் சீழும் நாற்றமுமான வாயோடு வார்டுக்குள் விட முடியாது. பல்லைச் சுத்தம் செய்து, கால்நடை மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வர வேண்டும்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் குட்டி ஒருக்களித்துக் கிடந்தது. தொண்டைக்குள் குழாய். நாக்கு ஒரு பக்கமாகத் துவண்டு தொங்கியது.

அதிரும் கருவி அதன் பல்லில் படும்போதெல்லாம் இவளுக்குப் பல் கூசியது.

மஞ்சள் காறை சில்லு சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. தினமும் ஒரு நிமிஷம் தேய்த்துவிட்டிருந்தால் இவ்வளவு சேர்ந்திராது. யாருக்குத் தோன்றியது?

திடீரென்று இதயத் துடிப்பைக் காட்டும் இயந்திரத்தின் ‘பீப்’ சத்தம் இடைவெளி விட்டு விட்டுக் கேட்டது.

மருத்துவரின் கை நின்றது. உதவியாளர் நாயின் நெஞ்சை அழுத்தித் தேய்த்தார்.

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்து நின்றாள். வேண்டிக்கொள்ளக்கூட வாய் வரவில்லை. இருந்த வேண்டுதலெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்து போயிருந்தது.

ஒன்று. இன்னொன்று. பிறகு சத்தம் சீராக வரத் தொடங்கியது.

ஒரு மணி நேரம் கழித்துக் குட்டி தள்ளாடி எழுந்து அவள் புடவையில் முகத்தைத் தேய்த்தது. ஆடிக்கொண்டிருந்த இரண்டு கடைவாய்ப் பற்களைக் காணோம். மற்றதெல்லாம் பளிச்.

மருத்துவர் கடிதம் எழுத உட்கார்ந்தார். பெயர்: குட்டி. பெண் நாய். வயது பதினொன்று.

“குட்டியைப் பாத்தாலே அவருக்குப் பாதி உடம்பு சரியாயிடும் பாருங்க,” என்றார், கையெழுத்திட்டபடி.

அவள் தலையாட்டினாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மகன் அப்பாவோடு வார்த்தை முற்றி வீட்டைவிட்டு வெளியேறினான். போனவன் போனவன்தான். எங்கே இருக்கிறான் என்று தெரியாது, ஒரு போன் நம்பர்கூட இல்லை. அடுத்த மாதம் தெருவோரம் கிடந்த இந்த நாய்க்குட்டியைத் தூக்கி வந்த கணவர், மகனைக் கூப்பிட்ட செல்லப் பெயரையே இதற்கும் வைத்தார்.

நர்ஸிடம் அவள் இதைச் சொல்லவில்லை. இந்த மருத்துவரிடமும் சொல்லவில்லை. அவளால் கொண்டுபோக முடிந்தது இது ஒன்றுதான்.

மூன்று நாளாக அவர் கேட்பது ஒரே கேள்வி.

“குட்டி வந்தானா?”