பையில் கட்டிய குழம்பு

ரட்சனி டீச்சர் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

பாயில் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த கேத், கிண்ணத்தில் இருந்த எறும்பு முட்டைக் குழம்பை மடியிலிருந்த பிளாஸ்டிக் பையில் சத்தமில்லாமல் கவிழ்த்தாள். ரப்பர் பேண்டால் வாயைச் சுற்றினாள். முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். பிறகு காலிக் கிண்ணத்தை நீட்டி, "தோங்பாய் அக்கா, பிரமாதம்! இன்னும் கொஞ்சம் ஊத்துங்க!" என்றாள்.

டீச்சருக்குப் பகீரென்றது.

பாங்காக்கிலிருந்து எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்காரவைத்து, பன்னிரண்டு பிள்ளைகளை வடகிழக்குத் தாய்லாந்தின் இந்த இசான் கிராமத்துக்கு அவர் கூட்டிவந்ததே, இந்தப் பக்கத்து மனிதர்களையும் அவர்கள் சாப்பாட்டையும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். சமைத்துப் பரிமாறும் தோங்பாயின் புருஷன் இரண்டு நாளாக நீளக் கழியோடு மாமரம் மாமரமாகப் போய் எறும்புக் கூட்டைக் குலுக்கி, உடம்பெல்லாம் கடி வாங்கிச் சேர்த்த முட்டை அது. வருஷத்தில் கொஞ்ச நாள்தான் கிடைக்கும். அதைப் போய்ப் பையில் கொட்டுகிறாள்! அந்த அம்மாள் கண்ணில் பட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

டீச்சருக்கே இரண்டு ஸ்பூனுக்கு மேல் இறங்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மருந்து மாதிரி விழுங்கினார். அது வேறு விஷயம்.

கேத் மட்டும் என்றால் ஒரு முறைப்போடு விட்டிருப்பார். பக்கத்தில் துல், நூடுல்ஸைத் தவிர வேறெதையும் தொடாத பையன். அவனும் "ஆஹா, ஆஹா" என்று இரண்டாவது கிண்ணம் வாங்குகிறான். தோங்பாய் போட்ட காரத்துக்கு இந்நேரம் மூக்கு ஒழுகியிருக்க வேண்டாமா? இந்தத் துரைக்கு நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. மணிக்கட்டில் மட்டும் நாலைந்து ரப்பர் பேண்டு.

"துல், என்னடா நடக்குது இங்க?" டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"சாப்பிடறோம் டீச்சர்."

"எங்க, வாயைத் திற."

"சாப்பிடும்போது வாயைத் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர்..."

வரிசை முழுக்கக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கியது.

டீச்சர் எழுந்து அடுப்படிக்குப் போனார். மற்றவர் சொல்லித் தெரிவதைவிட, தானே மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. டவுன் பிள்ளைங்க. நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சதை..."

"பையில கட்டுறாங்களே, அதானே?" தோங்பாய் சிரித்தார். "பாங்காக் பிள்ளைங்களுக்கு ஒரு ரப்பர் பேண்டு போடத் தெரியலையே டீச்சர்! காலையில நான்தான் சொல்லிக் குடுத்தேன். இந்தாங்க, இந்தப் புளிக்கவச்ச மீனையும் சேர்த்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. ரெண்டு பை போட்டிருக்கேன், நாறாது."

"எதுக்குக்கா?"

"உங்ககிட்ட சொல்லலையா? அப்ப பிள்ளைங்களையே கேட்டுக்குங்க. எனக்கு எதுக்கு வம்பு?"

டீச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிடிக்காமல் கொட்டுகிறவர்களுக்கு மேற்கொண்டு மீன் எதற்கு? சமைத்துப் போட்டவளே பையில் கட்டக் கற்றுக்கொடுப்பாளா? மீன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

சாயங்காலம் பஸ் கிளம்பும் நேரம். கூல்டிரிங்ஸுக்கு என்று சொல்லி துல் பாங்காக்கிலிருந்தே சுமந்து வந்த ஐஸ் பெட்டியை டீச்சர் திறக்கச் சொன்னார்.

உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே குண்டு குண்டாகக் குழம்புப் பைகள்.

"ஒருத்தர்கூடச் சாப்பிடலையா?"

"வெறும் சோறும் ஆம்லெட்டும் சாப்பிட்டோம் டீச்சர்," என்றான் துல். "பசிக்குதுதான்."

"வீட்டுல காட்டிச் சிரிக்கப் போறீங்களா? போட்டோ எடுத்துப் போடப் போறீங்களா? இறக்குடா பெட்டியை! அந்த அக்காகிட்டயே திருப்பிக் குடு. இனிமே உங்களை நம்பி எங்கேயும் கூட்டிட்டு வர மாட்டேன்!"

துல் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கேத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க டீச்சர், இறக்க மட்டும் சொல்லாதீங்க. யாரும் வாய் வைக்காம எடுத்தது. சம்லி பெரியம்மாவுக்கு. அவங்களுக்கு இங்க பக்கத்து ஊருதான். முட்டைக் காலத்துல ஊருக்கு வந்து ஏழு வருஷமாச்சாம். பானையில விருந்தாளிங்களுக்கு மட்டும்தான் இருக்குன்னு தோங்பாய் அக்கா சொன்னாங்க. அதான் எங்க பங்கை எடுத்துக்கிட்டோம்."

"இதை எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"பஸ்ஸுல நாறும், வேண்டாம்னுடுவீங்கன்னு பயம்."

டீச்சரின் கோபம் இறங்கிவிட்டது. மனசுகூடக் கொஞ்சம் நிறைந்தது. குழப்பம் மட்டும் போகவில்லை. இந்தப் பெரியம்மாவைப் பற்றி எல்லாரும் வீட்டு மனுஷி மாதிரி பேசுகிறார்களே?

"சரி, யாரு இந்த சம்லி? உனக்குச் சொந்தமா, துலுக்குச் சொந்தமா?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கேத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"நம்ம ஸ்கூல்ல ஒன்பது வருஷமா தினம் காலையில உங்க மேசையைத் துடைச்சு, தண்ணி வச்சிட்டுப் போறாங்களே டீச்சர்... அவங்கதான்."