அருவிக்கு முதுகு

விக்டோரியா அருவி என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும் மோசி-ஓவா-துன்யா அருவியை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆயுட்கால ஆசை. இன்று அருவி எதிரிலேயே இடியாய் முழங்கியது. அம்மாவோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரங்களைப் பார்த்தபடி நின்றாள்.

பார்வை மேடையின் விளிம்பில் கம்பியைப் பிடித்து நின்ற மூன்கா கத்தினான். "அம்மா, இந்தப் பக்கம் திரும்புங்க! நம்ம ஊர்ல இல்லாத மரமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா மேல்துணியை முகம் மறைய இழுத்துக்கொண்டாள்.

மழைக்கோட்டுகளோடு வந்த மனைவி லுயாண்டோவிடம் மூன்கா பொரிந்தான். "கார்ல ஏறச் சொன்னா பஸ்ல வந்தாங்க. சாப்பிடக் கூப்பிட்டா தள்ளிப் போய் உக்காந்தாங்க. இப்ப அருவியையும் பார்க்க மாட்டாங்களாம். என்ன வீம்பு இது?"

"வீம்பா? நீங்க எங்க நிக்கிறீங்க?"

"அருவிக்கு நேரா. இங்கருந்துதான் நல்லாத் தெரியும்."

"அப்ப திரும்பினா உங்க மூஞ்சிலதானே முழிக்கணும்? நம்ம டோங்கா சனத்துல எந்த மாமியார் மாப்பிள்ளை மூஞ்சியைப் பார்ப்பா? லுசாகா பட்டணத்துக்குப் போனதும் எல்லாம் மறந்துபோச்சா? நீங்க எப்ப நகருவீங்கன்னு எங்கம்மா அப்போலேர்ந்து காத்துக்கிட்டிருக்காங்க."

மூன்கா தலையைக் குனிந்தபடி நடந்து, புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

"யம்மாடி, எவ்ளோ தண்ணி!" அம்மா கைதட்டிச் சிரிப்பது கேட்டது. உடனே அவள் குரல் தணிந்தது.

"போதும்டி, பார்த்துட்டேன். புதருக்குப் பின்னாடியிருந்து மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். வந்து பார்க்கச் சொல்லு."